குழந்தை இயேசுவின் தெரேசா

பெங்களூரு விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் மக்கள் தங்கள் வேண்டுதல்களுடன் திரள்கின்றனர். அத்தெய்வக் குழந்தையின் திருநாமத்தையே துறவுப் பெயராக ஏற்றவர், பிரான்ஸ் நாட்டின் லிசியே நகரில் வாழ்ந்த புனித தெரேசா (1873–1897).

1887-இல் அவர் பதினான்கு வயதுச் சிறுமி. மூவரைக் கொன்று மரண தண்டனை பெற்ற பிரான்சினி மனந்திரும்ப வேண்டுமென்று உருகிப் பிரார்த்தித்தார். ஓர் அடையாளமும் கேட்டார். கொலைமேடையில் அவன் சிலுவையை மும்முறை முத்தமிட்டதைச் செய்தித்தாளில் படித்துக் கண்ணீர் உகுத்தார்.

மறு ஆண்டே கார்மேல் மடம் புகுந்தார். அங்கே குழந்தை இயேசுவின் திருவுருவை மலர்களால் அலங்கரிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. 1896-இல் காசநோய் தலைகாட்டியது, உள்ளமும் இருண்டது. விண்ணுலகம் உண்டா என்ற ஐயமே வாட்டியது. ஒரு கொலைஞனுக்காகக் கேட்டதைத் தந்த இறைவன், அவருக்காக மௌனம் கலைக்கவில்லை. சாதகர் பலர் கடந்த இரவுதான் இது. ஆயினும் தெரேசா பிரார்த்தனையை விடவில்லை. 1897 செப்டம்பர் 30 அன்று, இறைவன்பால் தமக்குள்ள அன்பை மொழிந்தவாறே உயிர் நீத்தார்.