மொண்டிசோரி அம்மையாரும் பாடவேளை மணியும்

பாலர் வகுப்பிற் கற்பித்த காலத்தில், எழுத்தட்டைகளில் ஆழ்ந்திருந்த சிறுமியொருத்தியை மணி அடித்ததும் எழுப்பிவிட்டேன். அவள் முகம் வாடியது. அதன் பின்னரே மரியா மொண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைக் கருத்தூன்றிப் படிக்கலானேன்.

1870இல் இத்தாலியிற் பிறந்து, 1896இல் உரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். 1907இல் அந்நகரின் சான் லொறென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பிலே சிறுவர் இல்லம் அமைத்தார். பிள்ளைகள் தாமே பொருளைத் தெரிந்தெடுத்து, வேண்டுமளவு நேரம் பயின்றனர். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவியே எழுதப் பழகினர். குறுக்கிடாது நோக்குதலே ஆசிரியையின் பெரும்பணி. (முப்பது பிள்ளைகளிடையே நின்று பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்!)

1924இல் முசோலினியின் அரசு இம்முறைக்கு ஆதரவளித்தது. அம்மையாரும் அதனை ஏற்றார். அவ்விணக்கம் என் நெஞ்சை இன்றும் உறுத்துகின்றது. அரசு விரும்பியது கட்டளைக்கு அடங்கும் பிள்ளையை. அவர் வளர்த்ததோ தானே தெரிந்து செய்யும் பிள்ளையை. 1934இல் உறவு முறிந்தது. அவர் நாடு நீங்கினார். அவர்வழிப் பாடசாலைகளும் மூடப்பட்டன. 1939இல் சென்னை அடையாறு வந்து, போர்க்காலத்தில் இந்தியாவிலே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கையிலும் கற்பித்தார். 1952இல் ஒல்லாந்திற் காலமானார்.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. ஆயினும் அடுத்த தவணையில் முதலிரு பாடவேளைகளை ஒன்றாக்கினேன். தமிழும் கணிதமும் குறைவின்றி நடந்தேறின. அச்சிறுமியும் தன் அட்டைகளை அடுக்கி முடித்தாள்.