ஒளியின் இரு முகம் கண்ட மருத்துவர்

வட அட்லாண்டிக் கடலில், மழையும் மூடுபனியும் நிறைந்த ஃபாரோ தீவுகள் டென்மார்க் அரசுக்கு உட்பட்டவை. அங்குள்ள டோர்ஸ்ஹவ்ன் நகரில் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் நீல்ஸ் ரைபர்க் ஃபின்சன் பிறந்தார். வெயிலைக் காண்பதே அரிதான மண்ணில் பிறந்தவர் ஒளியையே மருந்தாக்கிப் புகழ் பெற்றார் என்பது வியப்பன்றோ!

டென்மார்க்கில் அவர் பயின்ற விடுதிப் பள்ளியில், நல்ல மனமுடையவன், ஆனால் திறமை குறைந்தவன் என்றே அவரை மதிப்பிட்டனர். பின்னர் முன்னோரின் நாடாகிய ஐஸ்லாந்தில் பள்ளிப் படிப்பை முடித்தார். 1882-இல் கோபன்ஹேகன் சென்று மருத்துவம் பயின்று, 1890-இல் தேர்ச்சி பெற்றார். மாணவராய் இருக்கும்போதே கொடிய நோய் ஒன்று அவரைப் பற்றியது. இதயம், ஈரல் முதலிய உறுப்புகளைச் சூழ்ந்த சவ்வு மெல்ல மெல்லத் தடித்தது. வயிற்றில் நீர் கோத்தது. அவர் தங்கியதோ வடக்கு பார்த்த, வெயில் எட்டிப் பாராத அறை. வெயிலில் சற்று இருந்தால் உடல் தேறுவதை உணர்ந்தார். நிழல் நகர நகரக் கூரைமேல் வெயிலைத் தேடி இடம் மாறிய ஒரு பூனையும் அவரைச் சிந்திக்க வைத்தது.

ஒளி உடலில் என்னதான் செய்கிறது? தம் கையையே சோதனைக் களமாக்கினார் ஃபின்சன். முன்கையில் கறுப்பு மையால் பட்டையாகத் தீட்டி வெயிலில் காட்டினார். மை பூசாத இடம் சிவந்து, பின் பழுப்பானது. மையின் கீழிருந்த தோல் வெண்மையாகவே இருந்தது. மையைக் கழுவிவிட்டு மீண்டும் வெயிலில் காட்டியபோது, வெண்மையாயிருந்த பகுதி மட்டும் சிவந்தது. பழுத்த தோல் தன்னைக் காத்துக்கொண்டது. ஆகவே ஒளியின் தீமையைத்தான் அவர் முதலில் ஆராய்ந்தார். பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரையிட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என 1893-இல் எழுதினார். பிற்காலச் சோதனைகள் அக்கருத்தை உறுதிப்படுத்தவில்லை.

தீங்கு செய்யும் கதிர் நன்மையும் செய்யாதா என்பது அவரது அடுத்த கேள்வி. அந்நாளில் தோலில் வரும் காசநோய் மூக்கையும் கன்னத்தையும் அரித்துத் தின்றது. நோயுற்றோர் பிறர் முன் வரவே அஞ்சி முகத்தை மூடி வாழ்ந்தனர். 1895-இல் கோபன்ஹேகன் மின்நிலையத்தில், பல ஆண்டுகள் இந்நோயால் வருந்திய ஒரு பொறியாளரின் முகத்தில் மின்வில் விளக்கின் ஒளியைச் செலுத்தினார் ஃபின்சன். வேறெதற்கும் அடங்காத புண் சில மாதங்களில் ஆறியது! 1896-இல் ஒளி மருத்துவ நிலையம் தோன்றியது. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர், நீரால் குளிர்வித்த படிகக்கல் வில்லையை நோயாளியின் தோலில் அழுத்திப் பிடித்து, நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பொறுமையுடன் அமர்ந்திருப்பர். இரத்தம் ஒளியைத் தடுக்கும் என்பதால்தான் அந்த அழுத்தம். சில ஆண்டுகளிலேயே எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர். டென்மார்க்கில் பிறந்த இளவரசி அலெக்சாந்திரா 1900-இல் லண்டன் மருத்துவமனைக்கும் இவ்விளக்கை வழங்கினார்.

1903-இல் ஃபின்சனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் சக்கர நாற்காலியில் முடங்கியிருந்தார். பரிசுத் தொகையின் பெரும்பகுதியைத் தம் நிலையத்துக்கும், இதய, ஈரல் நோயாளிகளின் இல்லத்துக்கும் அளித்தார். தாம் உண்ட உப்பையும் குடித்த நீரையும் அளந்து குறித்து, தம் நோயைப் பற்றியே இறுதிக் கட்டுரை எழுதினார். இறந்தபின் தம் உடலை ஆராயுமாறு சொல்லிவிட்டு, 1904 செப்டம்பர் 24-ஆம் நாள், 43-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை. 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கே, புற ஊதாக் கதிரால் எலிகளுக்கு உண்டான தோல் கட்டிகளை வேறு எலிகளுக்கு மாற்றிப் பொருத்தினார். நலமான எலிகளின் உடல் அவற்றை ஒழித்துவிட்டது. முன்பே புற ஊதாக் கதிர் பட்ட எலிகளிலோ கட்டிகள் வளர்ந்தன. அக்கதிர் புற்றை விதைப்பதோடு, அதைத் தடுக்க வேண்டிய எதிர்ப்பாற்றலையும் உறங்கச் செய்கிறது என்பது இதனால் தெரிந்தது.

இது எப்படி நிகழ்கிறது? நம் மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்னும் காவலர்கள் உள்ளனர். அந்நியப் பொருளைக் கண்டதும் நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று செய்தி சொல்வது அவர்கள் பணி. புற ஊதாக் கதிர் தோல் செல்லின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. தோலிலுள்ள யூரோகானிக் அமிலத்தின் வடிவத்தையும் மாற்றுகிறது. இவற்றால் காவலர் குறைகின்றனர். எதிர்ப்பை அடக்கும் செல்கள் பெருகுகின்றன. தோல் சிவக்குமுன்பே இது தொடங்கிவிடலாம். கடும் வெயிலில் அலைந்த சிலருக்கு உதட்டில் அக்கிக் கொப்புளம் மீண்டும் தோன்றுவதும் இதனால்தான். ஆனால் எதிர்ப்பாற்றல் வரம்பு மீறித் தோலையே தாக்கும் சொரியாசிஸ் நோய்க்கு, இதே கதிரை அளந்து கொடுத்து மருத்துவர்கள் குணம் காண்கின்றனர்.

2005-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஃபின்சனின் பழைய விளக்குகளைச் சோதித்தனர். 340 நானோமீட்டருக்குக் குறைந்த அலைகளை அவற்றின் வில்லைகளும் வடிகட்டிகளும் தடுத்திருந்தன. எதிர்ப்பாற்றலைப் பெரிதும் தளர்த்தும் கதிர்கள் அக்குறுகிய அலைகளே! எஞ்சிய ஒளி, காசநோய்க் கிருமிகளிலுள்ள நிறப்பொருளைத் தூண்டி அவற்றை அழித்திருக்கும் என்பது அவர்கள் முடிவு.

அன்புத் தோழியரே! வெயிலை வெறுக்க வேண்டியதில்லை; வைட்டமின் டி தருவதும் அதுவே. உச்சி வெயிலில் விளையாடும்போது நிழலையும் குடையையும் மறவாதிருப்போம். நன்மையும் தீமையும் அளவில் இருக்கின்றன என்பதைத் தம் கையிலேயே எழுதிப் பார்த்த ஃபின்சனைப்போல், எதையும் சோதித்து அறியும் உள்ளமும் பெறுவோமாக.