காய்ந்த குச்சிக்கும் நீர் வார்த்தவர்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களைக் காணும்போது, புனித ரீத்தம்மாள் நம் நினைவுக்கு வருகிறார்.

இத்தாலியில் காஷியா நகருக்கு அருகே 1381-ல் பிறந்தவர் அவர். பெற்றோர் சொற்படி மணந்த கணவர் பகைவரால் கொலையுண்டார். பழிவாங்கத் துடித்த மைந்தர் இருவரும் அப்பாவத்தில் விழாதிருக்கத் தாய் மன்றாடினார். அவர்கள் நோயுற்று மாண்டனர். பகைக் குடும்பங்களைச் சமாதானப்படுத்திய பின்னரே அகுஸ்தினார் சபைக் கன்னியர் மடத்தில் இடம் பெற்றார். அங்கே தலைவியின் கட்டளைப்படி காய்ந்த குச்சிக்கு நாள்தோறும் நீர் வார்த்தார். அது திராட்சைக் கொடியாய்த் தழைத்தது என்பது மரபு.

1900-ல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவரைப் புனிதராக உயர்த்தினார். திருநாள் மே 22.

கைகூடாக் காரியங்களின் பாதுகாவலியிடம் தேர்வு நாளில் ஓடும் நாம், பிணங்கிய தோழியிடம் முதலில் பேசும் வரத்தையும் கேட்போமாக!