குருதியில் கிடைத்த விடை

சென்ற ஆண்டு நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நான் இரத்ததானம் செய்தேன். சில நாள்களில் இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. என் குருதியில் மஞ்சட்காமாலை ‘பி’ நச்சுயிரி இருப்பதாகக் கூறினர். நோயின் அறிகுறி எதுவும் என்னிடம் இல்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. இச்சோதனைக்கு வழிவகுத்தவர் யார் என நூலகத்தில் தேடியபோது எனக்கு அறிமுகமானவரே பரூக் பிளம்பெர்க் என்னும் பெருமகனார்.

அவர் அமெரிக்காவின் புரூக்ளினில் 1925 ஜூலை 28இல் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றினார். இயற்பியல் பட்டம் பெற்றுக் கணிதம் பயிலத் தொடங்கியவரைத் தந்தையார் மருத்துவத்தின்பால் திருப்பினார். மாணவப் பருவத்தில் தென் அமெரிக்காவின் சுரினாமில், சுரங்க ஊர் ஒன்றில் சில திங்கள் மருத்துவப் பணி புரிந்தார். ஒரே ஊரில் வாழ்வோரில் சிலர் நோயுறுகின்றனர், சிலர் தப்புகின்றனர். ஏன்? அவ்வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

விடை காண, பல நாட்டு மக்களின் குருதியைச் சேகரித்து ஆராய்ந்தார். பலமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் குருதிநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதிநீருடன் வினைபுரிந்தது. அங்குக் கண்ட புதுப் பொருளுக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ எனப் பெயரிட்டார். அது என்னவென்று அவருக்கே முதலில் விளங்கவில்லை. அவர்தம் ஆய்வுக்கூடப் பெண் உதவியாளர் ஒருவர் 1967இல் உடல் சோர்ந்து, தம் குருதியைத் தாமே சோதித்தார். அப்பொருள் தென்பட்டது, மஞ்சட்காமாலையும் வந்தது. புதிர் அவிழ்ந்தது! அவர் தேடியது காமாலைக் கிருமியை அன்று, கிடைத்ததோ அதுவே.

1969இல் இர்விங் மில்மன் என்பாருடன் சேர்ந்து, கிருமி தாங்கியோரின் குருதியிலிருந்தே தடுப்பு மருந்து செய்யும் வழியை வகுத்தார். 1976இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1981இல் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். குருதியிலிருந்து செய்த ஊசியாயிற்றே என்று மக்கள் அஞ்சினர். தயாரிப்பு முறையே எச்.ஐ.வி.யை அழித்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டின. 1986இல் ஈஸ்ட்டைக் கொண்டு செய்த ஊசியும் வந்தது.

இக்கிருமி ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கிப் புற்றுநோய்க்கு வித்திடுவது. ஆகவே இத்தடுப்பூசி புற்றுநோயையும் தடுப்பதாயிற்று. தைவான் நாடு 1984இல் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில், 6 முதல் 14 வயதுச் சிறாரிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. என்னே அந்த ஒரு வினாவின் பயன்!

எனக்கு எச்.ஐ.வி. இல்லை என்பதை மருத்துவர் முதலில் உறுதி செய்துகொண்டார். காரணம் கேட்டேன். இரண்டும் குருதி, உடலுறவு, தாய்–சேய் வழியே பரவுவன. எச்.ஐ.வி. எதிர்ப்பாற்றலைக் குலைத்தால் ‘பி’ கிருமி தடையின்றிப் பெருகும். அது பெருகப் பெருக ஈரல் புற்றுநோய் அபாயமும் மிகும். டெனோபோவிர் என்னும் மாத்திரை இரண்டையும் அடக்க வல்லது. ஆனால் அதை இடையில் தாமாக நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறி எழக்கூடும் என விளக்கினார்.

ஊரில் பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அதையும் பிளம்பெர்க் விட்டுவைக்கவில்லை! சென்னை ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1988இல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார். பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. பாட்டியின் அன்பை ஏற்றுக்கொண்டேன். மருத்துவப் பரிசோதனையையும் விடவில்லை.

விடுதித் தோழர் ஒருவர் என் டம்ளரைத் தனியே ஒதுக்கி வைத்தார். சோதனையால் அடையாளம் காணப்பட்டோர் ஒதுக்கப்படுவரோ என்று அன்றே கவலையுற்றவர் பிளம்பெர்க். டம்ளராலோ, உடன் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ இது பரவாது. தோழரிடம் இதைச் சொன்னேன். இப்போது அவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். டம்ளரும் பழைய இடத்திற்கு வந்துவிட்டது.

2011 ஏப்ரல் 5இல் பிளம்பெர்க் மறைந்தார். அவர் பிறந்த நாளே உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மாணவ நண்பர்களே, குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள். கிருமி இல்லையெனில் ஊசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். இருப்பவரை ஒதுக்காதீர்கள். அவர்களுள் நானும் ஒருவன்.