தங்கையைப் பறித்த புற்றுநோய்... 12 படுக்கைகளோடு பதில் சொன்ன புதுக்கோட்டை டாக்டர்! யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

கர்ப்பிணிகளுக்கு தமிழக அரசு தரும் மகப்பேறு நிதியுதவி பற்றித் தெரியாத வீடே இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பண்ணி, பிக்மி எண் வாங்கி, தவணை எப்போ வரும்னு காத்திருக்கும் அந்தத் திட்டத்தின் முழுப்பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பெயரை எல்லாரும் சொல்றோம். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்? சென்னை அடையாறில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சுருக்கமாகச் சொன்னால், கதவு சாத்தப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் நின்று தட்டியவர் அவர். திறந்த பிறகு, தான் மட்டும் உள்ளே போய்விடாமல் மற்றவர்களுக்கும் அதைத் திறந்து வைத்தவர். விரிவாகப் பார்க்கலாம்.

புதுக்கோட்டையில் ஒரு சிறுமி

1886 ஜூலை 30. அப்போது புதுக்கோட்டை மாவட்டம் கிடையாது, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அங்கேதான் முத்துலட்சுமி பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தத் திருமணத்தை நாராயணசாமியின் உறவினர்கள் ஏற்கவில்லை. அவரை ஒதுக்கியே வைத்தார்கள்.

பெண் குழந்தை வயசுக்கு வந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும் காலம் அது. முத்துலட்சுமிக்கும் அப்படித்தான் நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் படித்து, 1902ல் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினார். ஒரு பெண் மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணியது ஊருக்கே பெரிய செய்தி.

அடுத்து கல்லூரி. அங்கே இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும்தான். விண்ணப்பம் போட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அம்மாவின் குலத்தையும் இழுத்தார்கள். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். 1904ல் அந்தக் கல்லூரியின் முதல் மாணவியாக முத்துலட்சுமி சேர்ந்தார். மாணவர்கள் பார்வையில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாடம் கேட்க வேண்டியிருந்தது.

முதல் பெண் டாக்டரா?

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ல் பதக்கங்களோடு பட்டம் பெற்றார். இங்கே ஒரு சின்னத் திருத்தம். அந்தக் கல்லூரியில் படித்த முதல் பெண்ணே அவர்தான் என்று ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று வாட்ஸ்அப்பில் சுற்றும். அது சரியில்லை. 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். முத்துலட்சுமி, இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவப் பட்டதாரிகளில் ஒருவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனும் அவர்தான்.

1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த கல்யாணம் அது.

வாழ்க்கையை மாற்றிய மரணம்

1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயில் விழுந்தார். மலத்தோடு ரத்தம் போனது. முதலில் அதை சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோது கைமீறிப் போயிருந்தது. அக்கா டாக்டர், வீட்டிலேயே இருக்கிறார். ஆனாலும் தங்கை வலியில் துடித்து இறப்பதைப் பார்க்கத்தான் முடிந்தது.

அந்த வலிதான் பிறகு அவரை விடாமல் துரத்தியது. 1925ல் உதவித்தொகை பெற்று லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படிக்கத்தான் போனார். ஆனால் அங்கே புற்றுநோய்க்கென்றே இயங்கிய ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையையும் பார்த்தார். இந்த நோய்க்குத் தனி மருத்துவமனை, தனிப் பயிற்சி பெற்ற டாக்டர்கள் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதியானது.

சட்டசபையில் டாக்டர்

ஊர் திரும்பியதும் இன்னொரு பொறுப்பு காத்திருந்தது. சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1927ல் அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்வானார். அங்கே அவர் கையில் எடுத்த பெரிய விஷயம், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம்.

1929ல் வந்த சட்டத்திருத்தம் என்ன செய்தது தெரியுமா? கோயிலில் சேவை செய்தால்தான் நிலம் என்ற கட்டாயத்தை நீக்கியது. அதாவது, பொட்டுக்கட்டுவதற்குப் பின்னால் இருந்த பணக்காரணத்தைப் பிடுங்கியது. வழக்கத்தையே முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் 1947ல்தான் வந்தது. இதற்கு எதிர்ப்பு சனாதனிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. தங்கள் கலையும் வாழ்வாதாரமும் போய்விடும் என்று தேவதாசிகளில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். அந்த விவாதம் இன்று வரைக்கும் ஆய்வாளர்கள் நடுவில் தொடர்கிறது.

1930ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். அதே ஆண்டு, பொட்டுக்கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள சென்னை விடுதிகள் மறுத்தன. தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார் முத்துலட்சுமி. அதுதான் இன்றைக்கும் அடையாறில் இயங்கும் அவ்வை இல்லத்தின் தொடக்கம்.

சாகப்போறவங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

1935ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. அந்த மேடையில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கும் ஆசையை அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அது நடக்க ஏறக்குறைய 20 வருஷம் ஆச்சு. காரணம், பணம் மட்டும் இல்ல. கேன்சர் வந்தால் சாவுதான், அதுக்குத் தனியா ஒரு ஆஸ்பத்திரி எதுக்கு என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது.

உண்மையிலேயே அப்போது நிலைமை அவ்வளவு மோசமா? மாறிக்கொண்டிருந்தது என்பதுதான் பதில். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941லேயே தொடங்கிவிட்டது. 1948ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்து கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியிருந்தது.

அந்த மருந்து வந்த ஆய்வகத்தை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். முத்துலட்சுமி படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். கீரையிலும் பயறுகளிலும் இயற்கையாகக் கிடைக்கும் ஃபோலேட் சத்துதான் இந்த ஆராய்ச்சியின் அடிப்படை. உடம்பில் செல்கள் பெருக அந்தச் சத்து அவசியம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்களுக்கும் அது வேண்டும். அதன் வேலையைத் தடுத்தால்? அதைத்தான் அமினோப்டெரின் செய்தது. அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆக, புற்றுநோய்க்கு ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சு அப்போதே பழசாகிவிட்டது. இதைப் புரிந்திருந்த முத்துலட்சுமி, 1949ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். 60 வயசைத் தாண்டிய பிறகு, நன்கொடைக்காக வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்.

12 படுக்கைகள்

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில், எளிய கொட்டகை ஒன்றில், வெறும் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சிகிச்சைப் பொறுப்பை ஏற்றார். 1955ல் அரசு வேலையை விட்டுவிட்டு இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021ல் இறக்கும்வரை அவர் வாழ்க்கை அந்த வளாகத்திலேயே கழிந்தது.

1950களிலேயே கதிர்வீச்சு சிகிச்சைக்கான கோபால்ட்-60 கருவி அங்கே வந்துவிட்டது. குழந்தைகள் புற்றுநோய்க்குத் தனி வார்டு 1960ல் தொடங்கப்பட்டது. காசு இல்லாத காரணத்தால் யாருக்கும் சிகிச்சை மறுக்கக்கூடாது என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அங்கே கொள்கை.

1956ல் முத்துலட்சுமிக்கு பத்மபூஷன் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று, 82வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார். அவர் பிறந்தநாளான ஜூலை 30, மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கப்படும் என 2019ல் தமிழக அரசு அறிவித்தது.

நாம் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

அவர் தங்கைக்கு நடந்தது இன்றும் நடக்கிறது. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான், சூடுதான் என்று நாமே முடிவு பண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவோ சாதாரணத் தொற்றாகவோ இருக்கலாம். ஆனால் ரத்தப்போக்கு தொடர்ந்தாலோ, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மலக்குடல் புற்றுநோய் குணப்படுத்தக்கூடியதுதான். முத்துலட்சுமியின் தங்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது.

மகப்பேறு நிதியுதவிக்கான விண்ணப்பத்தில் அடுத்த முறை அந்தப் பெயரைப் பார்க்கும்போது, புதுக்கோட்டைக் கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த அந்தப் பெண்ணையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.