தொழிலறிஞர் ஜி. டி. நாயுடு

கற்ற கல்வி கைத்தொழிலுக்குப் பயன்படல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் பலர். அக்கொள்கைக்காகத் தாம் வகித்த பதவியையே துறந்தவர் கோவை ஜி. டி. நாயுடு ஆவார்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் இவர் பிறந்தார். பள்ளிப் படிப்பில் இவர் மனம் செல்லவில்லை. அது தொடக்க நிலையிலேயே நின்றுவிட்டது. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். எருதும் குதிரையும் இன்றி ஓடிய அவ்வண்டி இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் பணியை மேற்கொண்டார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். ஏறி ஊர் சுற்றுவதோடு அவர் நின்றாரல்லர். அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அது இயங்கும் முறையை அறிந்தார். அவ்வண்டியே அவருக்கு ஆசானாயிற்று.

1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அம்முயற்சி ஓங்கி வளர்ந்து, யூ. எம். எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி, இந்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார்.

தொழில்கள் பெருகின, அவற்றை நடத்தத் தேர்ந்த கைகள் வேண்டும் அன்றோ? எனவே, 1945ஆம் ஆண்டில் கோவையில் பொறியியற் கல்லூரி தோன்றத் தம் பொருளை வாரி வழங்கினார். அப்போதைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நாயுடுவே அதன் முதல்வராகவும் விளங்கினார். அரசு வகுத்த பாடத்திட்டமோ நான்காண்டுக் காலத்தது. இரண்டாண்டுகளே போதும், எஞ்சிய காலம் வீணே கழியும் என்பது நாயுடுவின் துணிபு. அரசு அதனை ஏற்கவில்லை. தாம் ஒவ்வாத முறையை நடத்த மனம் இசையாமல், அவர் முதல்வர் பதவியினின்றும் விலகினார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தடாகம் சாலையில் விளங்குகின்றது. அது முதலில் இருந்த பகுதியைக் கோவை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்குகின்றனர்.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் நாயுடு மறைந்தார்.

பாலம் அமைப்பவனுக்கும் பொறி செய்பவனுக்கும் கணிதமும் இயற்பியலும் ஆழ்ந்து தெரிதல் வேண்டும். அதற்குக் காலமும் வேண்டும். ஆதலின் இரண்டாண்டுகள் போதுமா என்பதில் அறிஞர் வேறுபடலாம். ஆயினும், கற்றவன் பட்டறையில் நின்று ஒரு பொறியைத் தன் கையால் இயக்கவும் பழுது நீக்கவும் வல்லனா என்று அவர் எழுப்பிய வினா என்றும் நிலைப்பது. மாணவர்களே! நூலைக் கற்பதோடு அமையாது, கற்றதைக் கையாலும் செய்து பழகுங்கள்.