மகள் இறந்த நாளில் மேடை ஏறிய பால கந்தர்வா

மராட்டிய நாடக மேடையில் பெண் வேடத்தில் கொடிகட்டிப் பறந்தவர் பால கந்தர்வா. நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்பார்களே, அதில் அவருக்கு நிகர் அவரே. அவர் புடவை கட்டும் அழகையும் பூச்சூடும் விதத்தையும் பார்த்து, பெரிய வீட்டுப் பெண்களே அதுபோலச் செய்துகொண்டார்கள்.

இயற்பெயர் நாராயண் ஸ்ரீபாத் ராஜ்ஹம்ஸ். 1888 ஜூன் 26-ந் தேதி பிறந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் பாடியதைக் கேட்டு மகிழ்ந்த லோகமான்ய திலகர், பால கந்தர்வா என்று பாராட்டியதாகச் சொல்வார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1905-ல் கிர்லோஸ்கர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனிக்கு அது சோதனைக் காலம். தூணாக விளங்கிய நடிகர் பாவுராவ் கோல்ஹட்கர் 1901-ல் இறந்துபோயிருந்தார். சகுந்தலையாக வந்த இளைஞர் நாராயண், சரிந்து கிடந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்.

1911 மார்ச் 12. பம்பாயில் "மானாபமான்" நாடகம் அரங்கேறும் நாள். எழுதியவர் காடில்கர். மெட்டமைத்தவர் கோவிந்தராவ் டெம்பே. கதாநாயகி பாமினி, பால கந்தர்வா.

அன்றைக்குத்தான் அவருடைய மகள் இறந்தாள். சின்னஞ்சிறு குழந்தை.

நாடகத்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்றே கம்பெனியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பால கந்தர்வா சம்மதிக்கவில்லை. ரசிகர்களை ஏமாற்றக் கூடாது என்று உறுதியாக நின்றார். அப்போது அவருக்கு வயது 22.

பாமினி அழுகிற வேடம் அல்ல. அப்படி இருந்தாலாவது சொந்தத் துயரத்தை அதில் கொட்டித் தீர்த்திருக்கலாம். பாமினி பணக்கார வீட்டுப் பெண். ஏழைப் போர்வீரனை மாப்பிள்ளையாக ஏற்க மறுத்து அவமதிப்பவள். பிறகு அவனிடமே மனதைப் பறிகொடுப்பவள். சிணுங்க வேண்டும், சிரிக்க வேண்டும், கொஞ்சிப் பாட வேண்டும். அத்தனையும் செய்தார். நாடகம் பெரும் வெற்றி பெற்றது.

இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாடகம் நின்றால் வேடம் கட்டுகிறவர் முதல் திரை இழுக்கிறவர் வரை அத்தனை பேர் பிழைப்பும் அன்று நிற்கும். சாவுச் செய்தி வந்த பிறகும் ஷிப்டுக்குப் போய் நின்றவர்களுக்கு இந்த நிலை புரியும். ஆனால் பெற்ற தாய் லட்சுமிபாய்க்குத் துயரத்தை மறைத்துக்கொள்ள அப்படி ஒரு மேடை இல்லை. அந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவது குறைவு.

1913-ல் டெம்பே, கண்பத்ராவ் போடஸ் ஆகியோருடன் சேர்ந்து கந்தர்வ நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். புடவை என்றால் அசல் பட்டு, வாசனை என்றால் அசல் அத்தர். வருமானம் வந்தது, கடனும் வளர்ந்தது.

1920-ல் திலகர் காலமானார். மறுஆண்டு ஜூலையில், திலகர் பெயரால் திரட்டப்பட்ட சுயராஜ்ய நிதிக்காகப் பம்பாயில் அதே "மானாபமான்" நடந்தது. போட்டிக் கம்பெனியின் புகழ்பெற்ற நடிகர் கேசவராவ் போஸ்லே கதாநாயகன். பால கந்தர்வா பழையபடி பாமினி. இரு கம்பெனிகளும் சேர்ந்து நடித்த அந்த நாடகத்தை மராட்டிய மக்கள் நெடுங்காலம் பேசினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, போஸ்லே இறந்தார். 1922-ல் சங்கீத குரு பாஸ்கர்புவா பக்லேயும் மறைந்தார். பால கந்தர்வா மேடையை விடவில்லை. கடனையும் நாடகம் போட்டுத்தான் அடைத்தார்.

1935-ல் சாந்தாராம் இயக்கிய "தர்மாத்மா" படத்தில் ஏகநாதராக, ஆண் வேடத்தில், நடித்தார். சினிமா அவருக்கு ஒட்டவில்லை. மீண்டும் நாடகத்துக்கே திரும்பினார். வயது ஏறி உடல் தளர்ந்த பிறகும் பெண் வேடம் கட்டினார். பார்க்க வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் கால்கள் செயல் இழந்தன. 1964-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1967 ஜூலை 15-ந் தேதி புனாவில் காலமானார்.

அந்த ஊரில் அவர் பெயரால் ஒரு நாடக அரங்கம் எழுப்பினார்கள். 1962-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் அவரேதான். 1968 ஜூன் 26 அன்று, அவருடைய 80-வது பிறந்த நாளில், அரங்கம் திறக்கப்பட்டபோது அவர் இல்லை.